மூன்று நாள் அனுமதியும் முஸ்லிமின் வாக்குறுதியும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நமது கொங்கு மண்ணில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. தாய்லாந்திலிருந்து ஈரோட்டுக்கு வந்து பள்ளிவாசலில் தங்கியிருந்த குழுவில் இருவருக்குக் கொரோனா தொற்று இருப்பது, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்ச் 21 அன்று உறுதியானது. அதே குழுவைச் சேர்ந்த ஒருவர் அதற்குச் சில நாள்கள் முன்னரே கோவை அரசு மருத்துவமனையில் உயிர் நீத்திருந்தார். சேலத்தில் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களில் நால்வருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. உடல் நலம் தேறியவர்கள் வீடு திரும்பவில்லை. புழல் சிறைக்குச் சென்றார்கள். அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் முதன்மையானது, சுற்றுலா விசாவில் வந்து அதன் நிபந்தனைகளை மீறினார்கள் என்பது.

அந்த நாள்களில் நம்மவர் பலருடைய உள்ளத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. அல்லாஹ்வின் இல்லத்தில் தங்குவதற்கும், மார்க்கத்தைப் பேசுவதற்கும் ஒரு நாட்டின் முத்திரை குறுக்கே நிற்கலாமா? இக்கேள்விக்கு விடை காண நாம் வரலாற்றில் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நமக்கு முன்மாதிரியாக நிற்பவர்கள் வேறு யாருமல்லர், அண்ணல் நபி (ஸல்) அவர்களே.

அண்ணலார் ஏற்ற மூன்று நாள்

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் நபி (ஸல்) அவர்கள் உம்ரா செய்யும் எண்ணத்துடன் மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். குறைஷிகள் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தினார்கள். குறைஷிகளின் சார்பில் சுஹைல் இப்னு அம்ரு பேசினார். உடன்படிக்கை எழுதப்பட்டது. இவ்வாண்டு திரும்பிச் சென்றுவிட வேண்டும். அடுத்த ஆண்டு வரலாம். ஆனால் மூன்று நாள்கள் மட்டுமே மக்காவில் தங்கலாம். பயணிக்குரிய வாளை உறையிலிட்டுக் கொண்டு வரலாம், வேறு ஆயுதம் கூடாது.

சிந்தித்துப் பாருங்கள். கஅபா அல்லாஹ்வின் இல்லம். மக்கா அண்ணலார் பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஊருக்குள் நுழைவதற்கு, அவர்களை அங்கிருந்து வெளியேறச் செய்தவர்களே கால வரையறையும் நிபந்தனையும் விதிக்கிறார்கள். தோழர்களின் உள்ளங்கள் கொதித்தன. உமர் (ரலி) அவர்களின் மனக்கலக்கத்தை வரலாற்று நூல்கள் விரிவாகவே பதிவு செய்திருக்கின்றன. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 7 துல்கஅதாவில், சுமார் 2,000 பேருடன் அவர்கள் மக்காவுக்குள் நுழைந்தார்கள். மற்ற ஆயுதங்களை எல்லைக்கு வெளியே காவலுடன் விட்டுவிட்டு, உறையிலிட்ட வாளுடன் மட்டுமே வந்தார்கள். உம்ரா நிறைவேறியது. இதனையே உம்ரதுல் களா என்கிறோம்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். அப்பயணத்தின்போதுதான் மைமூனா (ரலி) அவர்களுடனான திருமண ஏற்பாடு அமைந்தது. மூன்று நாள் கெடு முடிந்ததும் குறைஷிகள் ஆளனுப்பி, காலம் தீர்ந்துவிட்டது, புறப்படுங்கள் என்று கூறினார்கள். மக்காவிலேயே திருமண விருந்து வைத்து அவர்களையும் அழைக்க அண்ணலார் விரும்பினார்கள். அவர்களோ விருந்து வேண்டாம், வெளியேறுங்கள் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் வாதிடவில்லை. இன்னும் ஒரு நாள் என்று கேட்டு நிற்கவும் இல்லை. தோழர்களுக்குப் புறப்படுமாறு ஆணையிட்டார்கள். மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னும் இடத்திலேயே மணவாழ்வு தொடங்கியது.

உலகத்துக்கு அருட்கொடையாக வந்தவர்கள், தம் சொந்த ஊரில், தம் திருமணத்துக்காகக்கூட, அனுமதித்த காலத்தைக் கடந்து தங்கவில்லை. விசா முடிந்த பின்னும் ஒரு வாரம் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று எண்ணுகின்ற நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு என்ன வேண்டும்?

அமான் எனும் அடைக்கல வாக்கு

இன்று விசா என்று வழங்கப்படுவதற்கு மிக நெருங்கிய கருத்து நம் ஃபிக்ஹு நூல்களில் அமான் என்னும் பெயரில் இருக்கிறது. ஒருவருக்கு உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு வாக்குக் கொடுத்து ஒரு நாட்டுக்குள் இருக்க அனுமதிப்பது அது. அவ்வாறு அனுமதி பெற்றவர் முஸ்தஃமின் எனப்படுவார்.

தாயிஃபில் கல்லடி பட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைந்தது முத்இம் இப்னு அதீ என்பவரின் பாதுகாப்பில்தான். அவர் இஸ்லாத்தை ஏற்றவரல்லர். ஆனாலும் தம் மக்களை ஆயுதத்துடன் நிறுத்தி அண்ணலாரைக் காத்தார். அந்த நன்றியை நபி (ஸல்) அவர்கள் பத்ருப் போருக்குப் பின்னரும் நினைவுகூர்ந்தார்கள். மக்கா வெற்றி நாளில் உம்மு ஹானீ (ரலி) என்ற பெண்மணி எதிரணியினர் சிலருக்கு அடைக்கலம் கொடுத்தபோது, ஒரு பெண் கொடுத்த வாக்குதானே என்று அண்ணலார் ஒதுக்கவில்லை. அதனை முழு சமுதாயத்தின் வாக்காகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த அமான் இரு பக்கமும் கட்டுப்படுத்தும். நம்மிடம் வந்தவருக்குத் தீங்கு செய்யக் கூடாது. அவ்வாறே, ஒரு முஸ்லிம் பிறர் நாட்டுக்கு அவர்களுடைய அனுமதியில் சென்றால் அவர்களுக்கு நம்பிக்கைத் துரோகம் செய்யக் கூடாது. நமது கொங்கு நாட்டு இராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள், முஸ்தஃமின் தங்கும் காலத்துக்கு ஓராண்டு என்னும் எல்லையைக்கூட வகுத்திருக்கிறார்கள். அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன் என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

தாளில்லாக் காலமும் தாள் வந்த காலமும்

நமது கொங்கு நாடு அயலாருக்குப் புதிய நாடன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் சோழ நாட்டையும் இணைத்த பெருவழி இந்த மண்ணில் ஓடியது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், மணிக்கற்களை அறுத்து மெருகிட்ட தொழிற்கூடங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன.

அக்காலத்தில் அயலார் எந்தக் கட்டுப்பாடும் இன்றி வந்து போனார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கணவாய்க்கு அப்பால் கொல்லத்தில், கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, வணிகக் குழுக்களுக்கு அளித்த உரிமைகளை எழுத்தில் வரையறுக்கிறது. அதில் அரபி, பஹ்லவி, ஹீப்ரு எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. பிற்காலத்தில் மதுரை வரை வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 1333இல் சிந்து நதியை அடைந்ததுமே, புதிதாக வருவோரின் தோற்றம், உடை, உடன் வந்தோர், கால்நடைகள் ஆகிய அனைத்தையும் எழுதிச் சுல்தானுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். சீனாவில் அயலாரின் உருவத்தை ஓவியமாகவே வரைந்து வைத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். வருபவர் யார் என்று அறிந்துகொள்ளும் உரிமையை எந்த அரசும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் இன்று நாம் காணும் கடுமையான முறை ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது. 1864இல் முதல் அயல்நாட்டார் சட்டம் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல், கடவுச்சீட்டு இன்றி இந்தியாவில் நுழையலாகாது என்ற சட்டம் பிறந்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில் அயல்நாட்டாரைப் பதிவு செய்யும் சட்டமும், போர் முடிந்ததும் 1946இல் அயல்நாட்டார் சட்டமும் இயற்றப்பட்டன. போர்க்காலச் சந்தேகத்தின் நிழல் இச்சட்டங்களின் மீது படிந்திருந்தது. அடுத்து வந்த பிரிவினை, உறவினர் வீடுகளையே அயல்நாடாக்கியது. 1948இல் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோருக்குப் பெர்மிட் முறையும், 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கிடையே பாஸ்போர்ட், விசா முறையும் நடைமுறைக்கு வந்தன. தெற்கே, கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்திருந்த தமிழக வணிகர்கள் இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்கீழ் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களானார்கள். நேற்று வரை ஊர் என்று சொன்னதை நம் முன்னோர் வெளிநாடு என்று சொல்லப் பழகியது அப்போதுதான்.

2020இல் நடந்தது என்ன?

இந்தப் பின்னணியுடன் மீண்டும் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் வருவோம். இந்திய உள்துறை அமைச்சகத்தின் விசா வழிகாட்டு நெறிகளில் ஒரு விதி இருந்தது. விசாவில் வரும் அயல்நாட்டவர் வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்லலாம். மார்க்கச் சொற்பொழிவைக் கேட்பது போன்ற வழக்கமான காரியங்களில் கலந்துகொள்ளலாம். ஆனால் தப்லீக் பணியில் ஈடுபடுவதும், வழிபாட்டுத் தலங்களில் உரையாற்றுவதும், பிரசுரங்கள் வழங்குவதும் கூடாது. கேட்கலாம், பேசக் கூடாது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

வந்தவர்களுள் பலருக்கு இந்த விதி தெரியாது. அவர்களை வரவேற்றவர்களுக்கும் தெரியாது. நீண்ட காலமாகவே ஜமாஅத்துகள் இப்படி வந்து போய்க்கொண்டிருந்தன, யாரும் கேட்டதில்லை. கொள்ளை நோய் வந்ததும் அந்த விதி திடீரென்று உயிர் பெற்றது. 2020 ஏப்ரல் 2 அன்று 960 வெளிநாட்டவரின் சுற்றுலா விசாக்கள் நீக்கப்பட்டு, அவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஜூன் மாதம் 2,500க்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்கு இந்தியாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. தமிழகத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் புழலில் வைக்கப்பட்டனர். நோயைப் பரப்பியவர்கள் என்ற பழி, விருந்தாளிகள் மீது மட்டுமன்றி, நம் தெருக்கள் மீதும் கடைகள் மீதும் விழுந்தது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 2020 ஜூன் 12 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், வங்காளதேசம், இந்தோனேசியா, தாய்லாந்து நாட்டினர் 31 பேரின் மனுக்களை விசாரித்தார். அவர்கள் போதிய அளவு துன்பப்பட்டுவிட்டார்கள் என்று கருதிய அவர், நிபந்தனையை மீறியதை ஒப்புக்கொண்டு எழுத்துப்பூர்வமாக உறுதி தரும் வழியில் வழக்குகளை முடித்துத் தாயகம் அனுப்ப வகை செய்தார். இங்கே விதிமீறல் உண்டு என்று ஏற்கப்பட்டது. ஆனால் அதற்காக மனிதரை மாதக்கணக்கில் அடைத்து வைப்பது முறையன்று என்றும் ஏற்கப்பட்டது.

2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை மேலும் ஒரு படி சென்றது. நீதிபதிகள் டி.வி. நலவடே, எம்.ஜி. சேவ்லிகர் ஆகியோர் 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளையே ரத்து செய்தனர். பள்ளிவாசலுக்குச் செல்வதும் மார்க்க உரை கேட்பதும் தடுக்கப்பட்டவை அல்ல என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. பேரிடர்க் காலத்தில் பலிகடா தேடும் போக்கையும் அது கண்டித்தது. டெல்லியில் பலர் சிறு அபராதத்தைக் கட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினர். ஒப்புக்கொள்ளாமல் வழக்கை எதிர்கொண்ட 36 பேரை 2020 டிசம்பர் 15 அன்று நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் மர்க்கஸில் இருந்தார்கள் என்பதையே அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை.

வந்தவர்கள் சென்றுவிட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள்? டெல்லியில் வெளிநாட்டவரைத் தங்க வைத்ததற்காக வழக்கில் சிக்கிய 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை, 2025 ஜூலை 17 அன்றுதான் டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள்! விருந்தோம்பியதற்காக ஐந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களின் வேதனையை நாம் உணர வேண்டும். அரசுகள் விருந்தாளியிடம் நீதியுடன் நடக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நீதிமன்றங்களே அதைச் சொல்லிவிட்டன. அதே வேளையில், விதியை அறிந்து நடந்திருந்தால் அந்தப் பழிக்கு ஒரு வாசல் அடைபட்டிருக்கும் என்பதையும் நாம் மறுக்க முடியாது.

இன்றைய சட்டமும் நமது கடமையும்

சகோதர சகோதரிகளே! மேலே கண்ட 1920, 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்கள் இப்போது இல்லை. அவற்றின் இடத்தில் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025 அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விசாக் காலம் கடந்து தங்கினாலோ நிபந்தனையை மீறினாலோ மூன்று ஆண்டு வரை சிறையோ, மூன்று இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் உண்டு. எனவே மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினர் நம் வீட்டுத் திருமணத்துக்கு வரும்போதும், வெளிநாட்டுச் சகோதரர் நம் பள்ளிவாசலுக்கு வரும்போதும் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வருபவரின் விசா எந்த வகை, எந்த நாளோடு முடிகிறது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கேட்பது விருந்தோம்பலுக்கு இழுக்கன்று. சுற்றுலா விசாவில் உறவினரைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம், பள்ளிவாசலில் தொழலாம், பயான் கேட்கலாம். வேலை பார்க்கவோ, பயான் செய்யவோ, ஜமாஅத் பணியில் செல்லவோ முடியாது. அன்பின் மிகுதியால் அவரை மிம்பர் அருகே அழைத்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று வற்புறுத்தினால், நாமே அவரைச் சிக்கலில் தள்ளியவர்களாவோம்.

இரண்டாவது, அயல்நாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் உரியது என்று பலர் இதனை எண்ணுகிறார்கள். தங்க இடம் தருகிற விடுதி, மருத்துவமனை, கல்வி நிலையம், வழிபாட்டுத் தல விடுதி, தனியார் வீடு ஆகிய எவரும் இணையத்தின் வழியே இந்த விவரத்தை அளிக்க வேண்டும். முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் இதற்கென ஒருவரைப் பொறுப்பாக்குவது நலம்.

மூன்றாவது, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருக்கும் உறவினர்கள் தமக்கு எந்தத் தடையும் இல்லை என்று எண்ணுகிறார்கள். 2021 மார்ச் 4ஆம் நாள் அறிவிக்கையின்படி, தப்லீக் பணிக்கு அவர்களும் தனி அனுமதி பெற வேண்டும்.

நான்காவது, நோயினாலோ வேறு இடையூறினாலோ குறித்த நாளில் புறப்பட முடியாவிட்டால், நாள் கடப்பதற்கு முன்னரே அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். கெடு முடிந்த பின் சொல்லும் காரணத்துக்கு மதிப்புக் குறைவு.

நாம் விருந்தாளியாகும்போது

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் உம்ராவுக்கும், வளைகுடா நாடுகளுக்கு விசிட் விசாவிலும் செல்வோர் பலர். விசிட் விசாவில் போய்விட்டு, ஹஜ் வரை மறைந்திருந்து ஹஜ்ஜை முடித்துவிடலாம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கடும் வெப்பத்தினிடையே 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதி இன்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரமில்லை, பேருந்து இல்லை. கொளுத்தும் வெயிலில் நடந்தே போக வேண்டியவர்களானார்கள். 2025 ஹஜ்ஜுக்கு முன்னர், அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரையும், அவர்களுக்கு விசிட் விசா எடுத்துத் தருவோருக்கு ஒரு இலட்சம் ரியால் வரையும் அபராதம் அறிவிக்கப்பட்டது. வசதி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. பொய் சொல்லி அடைய வேண்டிய நிலையை அல்லாஹ் யார் மீதும் சுமத்தவில்லை.

ஈரோட்டில் பேச வந்தவருக்கு விதி தெரியவில்லை. மக்காவின் வெயிலில் மயங்கி விழுந்தவர்களுள் பலரை விதி தெரிந்தவர்களே ஏமாற்றி அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் துயரப்பட்டவர்கள் எளிய மனிதர்களே. ஆகவே அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்வது கடமை. நம் வீட்டிலிருந்து யாரேனும் புறப்பட்டாலும், நம் வீட்டுக்கு யாரேனும் வந்தாலும், அந்த முத்திரையில் எழுதியிருப்பதை ஒருமுறை சேர்ந்து படித்துப் பாருங்கள். அது நாம் கொடுத்த வாக்கு. மூன்றாம் நாள் முடிந்ததும் விருந்தையும் விட்டு எழுந்து நடந்த அண்ணலாரின் உம்மத்தினர் நாம்.

கொடுத்த வாக்கைக் காக்கும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. நம்மை நாடி வருகிற விருந்தாளிக்கும், பிறரை நாடிச் செல்கிற நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பளிப்பானாக. ஆமீன்.